இரண்டு ஷிஃப்ட், ஒரே மாத்திரை

போன வாரம் ராஜாராமை பஸ் ஏணியிலிருந்து விழவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு நகர்ந்துவிட்டோம். கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் நல்ல சேதி. ஆள் பிழைத்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் எலும்பு மட்டும் இரண்டாகப் போயிருந்தது. செங்கல்பட்டில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, ஆறு திருகு முடுக்கி, திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பும்போது ஒரு காகிதக் கவரில் மாத்திரைகளும் கொடுத்தார்கள். இந்த வாரக் கதை அந்தக் கவரில்தான் இருக்கிறது.

வயிற்றுக்கு ஒரு மாத்திரை, காலையில் மட்டும். வலிக்குப் பதினைந்து மாத்திரை. ஒரு நாளைக்கு மூன்று வீதம் ஐந்து நாள், அதுவும் வலி இருந்தால் மட்டும் என்று நர்ஸ் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ராஜாராமின் மனைவி வேண்டா அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து புருஷனின் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ‘மூன்று’ காதில் விழுந்தது. ‘ஐந்து நாள்’ விழுந்தது. ‘வலி இருந்தால் மட்டும்’ என்பது செருப்போடு போய்விட்டது.

வேண்டாவை அசட்டுப் பெண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் பதினாறு வருஷமாக முதல் ஷிஃப்ட் பார்ப்பவள். நூறு பேருக்குப் பொங்கல் வைத்தாலும் உப்பு ஒரு கல் கூடாது, குறையாது. அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எந்த மாத்திரை வந்தாலும் அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி, ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவாள். வேண்டும்போது கையை விட்டு ஒன்று எடுத்தால் ஆயிற்று. அட்டையில் இருந்த பெயர் நறுக்கில் துண்டு துண்டாகிவிடும். மீதி எத்தனை என்பதும் ஒரு பார்வையில் தெரியாது. அதைப் பற்றி அவள் இதுவரை கவலைப்பட நேர்ந்ததில்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையில், வயல் ஓரமாக இருக்கிற அந்த வீட்டில் கடிகாரத்தைவிட ஷிஃப்டுக்குத்தான் மதிப்பு. ராஜாராம் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். மகன் ஹரிஹரன் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன், இரண்டாவது ஷிஃப்ட். அந்த வீட்டில் போய் மணி என்ன என்று கேட்டால், செகண்ட் ஷிஃப்ட் பஸ் போயாச்சு என்றுதான் பதில் வரும்.

ஆகவே நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் தானாகவே ஷிஃப்ட் ஆகிவிட்டது. வேண்டா விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஹரிஹரன் பொறுப்பு. அவன் மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினால், இரண்டே முக்காலுக்குத் திரும்பும் வேண்டா பொறுப்பு. இரவு பதினொன்றுக்குள் அவன் வந்ததும் அவள் தூங்கப் போய்விடுவாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பழக்கம், அப்படியே ஓடியது.

அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் முழித்த கண்ணோடு பார்த்தது அந்த மூன்று நாளில் மொத்தமாகப் பத்து நிமிஷம் இருந்தால் அதிகம்.

* * *

வியாழக்கிழமை விடியற்காலை. வெளியே இன்னும் காக்கைகூடக் கத்தவில்லை. வேண்டா குளித்து, புடவை கட்டி, காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று டப்பாவுக்குள் கையை விட்டாள். விரல் தகரத்தில் இடித்தது.

விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒரு மூலையில் வயிற்று மாத்திரைகள் சிவப்பாகக் கிடந்தன. வலி மாத்திரையின் வெள்ளிச் சதுரம் ஒன்றே ஒன்று.

அவள் மனக்கணக்கில் புலி. திங்கள் ராத்திரி ஒன்று, செவ்வாய் மூன்று, புதன் மூன்று. ஏழு போனால் எட்டு இருக்க வேண்டும். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். எலி இழுத்துப் போயிருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, நினைக்கவே கூடாது என்று தள்ளிக்கொண்டிருந்த நினைப்பு தானாக முன்னால் வந்து நின்றது.

போன மாதம்தான் கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் தேய்ப்பவள் சொல்லி அழுதாள். கடற்கரைப் பக்கம் சில பையன்கள் வலி மாத்திரையைப் போதைக்காக வாங்கித் தின்கிறார்களாம். அவள் அக்கா பையனை அப்படித்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்றாம். வேண்டா அன்றைக்கு அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, நம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியாகக் குழம்பைக் கொதிக்கவிட்டாள்.

கூடத்தில் ஹரிஹரன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயசு. கொஞ்ச நாளாக மாமல்லபுரம் பக்கம் நண்பர்கள் என்று லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறான். கேட்டால் சும்மா கடல் காத்து என்கிறான்.

வேண்டா செய்யக் கூடாததைச் செய்தாள். மகனின் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு துழாவினாள். டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கழுவாத டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு. வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தை அதிகப்படுத்தியது. பெற்றவள் பயந்தால் புத்தி நேராக வேலை செய்யாது.

சரி, முதலில் மனுஷனுக்கு மாத்திரையைக் கொடுப்போம், இவனை மதியம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒற்றைச் சதுரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜாராம் மல்லாந்து கிடந்தார். குறட்டை ஒரு தினுசாக இருந்தது. ஒரு இழுப்பு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் ஒரு இழுப்பு.

“இந்தாங்க. எழுந்திருங்க, மாத்திர போட்டுக்குங்க.”

அசைவில்லை. தோளைத் தொட முடியாது, கட்டு இருக்கிறது. கன்னத்தில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் பாதி திறந்து, அவளைப் பார்க்காமல், மறுபடியும் மூடிக்கொண்டது. வாய்க்குள் ஏதோ குழறினார். உதடு வறண்டு, முகம் வேர்த்திருந்தது.

இருபத்தெட்டு வருஷக் குடும்பத்தில் முதல் கூப்பாட்டுக்கு எழுந்திருக்காத ராஜாராமை அவள் பார்த்ததில்லை. பஸ் ஓட்டுகிறவர் தூக்கம் பூனைத் தூக்கம்.

“ஹரி” என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு விளக்கும் எரிந்தது.

* * *

ஹரிஹரன் ஓடி வந்தான். ஒரு நொடி அப்பாவைப் பார்த்தான், அடுத்த நொடி அம்மாவின் போனில் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டான். எடுத்தவர் ஜோயல் என்கிற ஆண் நர்ஸ். நிதானமான குரல். தட்டினால் கண்ணைத் திறக்கிறாரா என்று கேட்டார். பாதி திறக்கிறார் என்றான். உதடு, நகம் நீலமாக இருக்கிறதா என்றார். இல்லை. ஃபிட்ஸ் மாதிரி வெட்டி இழுத்ததா என்றார். இல்லை.

“இதுவரைக்கும் வலி மாத்திரை மொத்தம் எத்தனை கொடுத்தீங்க?”

“ஏழுங்க” என்றாள் வேண்டா.

ஹரிஹரனும் அதே மூச்சில் “ஏழு சார்” என்றான்.

இருவரும் ஒரே பதில் சொன்னதில் ஒரு கணம் வேண்டாவுக்கு நிம்மதிகூட வந்தது. பையன் கணக்கு சரியாகத்தான் வைத்திருக்கிறான். அந்த நிம்மதியை ஜோயல் உடைத்தார்.

“யார் கையால ஏழு?”

“என் கையாலதான்” என்றாள் வேண்டா.

ஹரிஹரன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “இன்னாம்மா சொல்ற? நான் குடுத்துகினுதானே கீறேன். ராத்திரி வந்ததும் குடுப்பேன், காலைல டீயோட குடுப்பேன், டூட்டிக்குப் போறப்போ குடுப்பேன்.”

“நான் கெளம்புறதுக்கு முன்னாடி குடுப்பேன். வந்ததும் குடுப்பேன். படுக்கப் போறப்போ…” என்று சொல்லிக்கொண்டே வந்த வேண்டா கையிலிருந்த ஒற்றைச் சதுரத்தைப் பார்த்தாள்.

மாத்திரை எங்கேயும் போகவில்லை. எவனும் திருடவில்லை. பதினாலும் இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தன.

ஷிஃப்ட் முடித்துப் போகிறவர் வேலையை முடித்துவிட்டுத்தான் போவார். ஷிஃப்டுக்கு வருகிறவர் முதல் வேலையாக எல்லாவற்றையும் சரிபார்த்துத் தொடங்குவார். இரண்டும் நல்ல பழக்கம்தான். ஆனால் டூட்டியில் நடுவே ஒரு லாக்புக் இருக்கிறது, போகிறவர் எழுதி, வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போடுவார். வீட்டில் அது இல்லை. ஷிஃப்ட் மாறிய ஒவ்வொரு வேளையும் ராஜாராமுக்கு இரட்டிப்பாக விழுந்திருந்தது.

வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று ஜோயல் கேட்டார். வேண்டாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இருமினால் எலும்பு அதிர்கிறதே என்று இரண்டு ராத்திரியும் வீட்டில் இருந்த சளி மாத்திரையை ஒவ்வொன்று கொடுத்திருந்தாள். அதையும் சொன்னாள்.

இனி வாய் வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம், அடிபடாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும், இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று ஜோயல் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். ஹரிஹரன் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வாசலுக்கு ஓட, வேண்டா அவளுடைய போனில் லைனைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பார்வை சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளில், கை புருஷனின் நெஞ்சில்.

ஒன்று. இரண்டு. மூன்றுக்கு நேரமாயிற்று. எத்தனையோ நாள் இந்தக் குறட்டை பொறுக்காமல் எழுந்து கூடத்தில் போய்ப் படுத்திருக்கிறாள். இன்றைக்கு அடுத்த குறட்டை வர வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

“பதினொண்ணு.”

குறைவுதான், தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், தூங்கவிடாதீர்கள் என்றார் ஜோயல். வேண்டா பேச்சுக் கொடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், வயலுக்குத் தண்ணீர் விட்டாயிற்று, ஸ்டாண்டில் உங்கள் பஸ்ஸை வேறு எவனோ ஓட்டுகிறான், கிளட்சைத் தேய்த்துவிடப் போகிறான் என்றெல்லாம் சொன்னாள். கிளட்ச் என்றதும் ராஜாராமின் புருவம் லேசாக நெறிந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வருகிற வரை கிளட்சைப் பற்றியே பேசினாள்.

* * *

வண்டியில் ஏறியதும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அவசரப் பிரிவில் ஹரிப்ரியா என்கிற இளம் டாக்டர். கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தாள், விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தாள், சர்க்கரைக்கு ஒரு சொட்டும் கல்லீரல் சோதனைக்கு ஒரு குப்பியும் இரத்தம் எடுத்தாள். பிறகு வேண்டாவின் தகர டப்பாவை மேஜையில் கொட்டச் சொன்னாள். வெள்ளிச் சதுரத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டாள். பண்டிகைக்கு உண்டு, விழுந்த பிறகு ஒரு சொட்டு இல்லை என்றாள் வேண்டா. செவ்வாய்க்கிழமை பார்க்க வந்த ஒரு நண்பர், வலி தெரியாது என்று கால் பாட்டில் கொண்டுவந்ததையும், அதை வாசலோடு திருப்பி அனுப்பியதையும் ஹரிஹரன் சொன்னான். டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவன் செய்த மிகப் பெரிய உபகாரம் அதுதான் என்றாள்.

பிறகு அந்த ஒற்றை மாத்திரையை விரலில் பிடித்துக்கொண்டு, திட்டாமல், பொறுமையாகச் சொன்னாள்.

“இதுக்குள்ள ரெண்டு மருந்து இருக்கும்மா. ஒண்ணு பாராசிட்டமால், காய்ச்சலுக்குப் போடுவோமே, அதேதான், அதிகமானா ஈரலைக் கெடுக்கும். இன்னொண்ணு டிரமடால். அது அபின் வகை. வலியை நல்லாக் கேக்கும், ஆனா தூக்கத்தை இழுக்கும், அதிகமானா மூச்சையே மெதுவாக்கிடும். நீங்க கொடுத்த சளி மாத்திரையிலயும் பாராசிட்டமால் இருக்கு, தூக்க மருந்தும் இருக்கு. மூணும் ஒண்ணா சேர்ந்துடுச்சு.”

வேண்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஈரலுக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று அவள் கேட்கவில்லை. அவள் முகம் கேட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தாங்கக்கூடிய அளவைத் தாண்டவில்லை என்றாள் டாக்டர். ஆனால் வரப்பு ஓரத்தில் நின்றிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் இப்படியே போயிருந்தாலோ, அந்தக் கால் பாட்டில் உள்ளே போயிருந்தாலோ கதை வேறு. மருந்தை முறிக்க ஊசி தயாராக இருக்கிறது, மூச்சு இப்படியே ஏறிவந்தால் அது தேவைப்படாது. ரிப்போர்ட் மதியத்துக்கு மேல் வரும். அதுவரை பார்த்துக்கொண்டிருப்போம்.

பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டா வாழ்க்கையில் அத்தனை நேரம் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்ததில்லை.

எட்டரை மணிக்கு ராஜாராம் கண்ணை முழுசாகத் திறந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிடுச்சா?” என்றார்.

வேண்டா போயிடுச்சு என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தாராளமாக அழுதாள். ஹரிஹரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோளும் குலுங்கிற்று.

பத்து மணிக்கு மூச்சு பதினாறு. பதினொன்றுக்கு அவருக்கு வாய் நீளத் தொடங்கிவிட்டது. டீ கேட்டார். கொடுக்க மாட்டேன் என்ற நர்ஸிடம், தான் யார் தெரியுமா, கல்பாக்கம் ரூட்டில் விசாரித்துப் பார் என்று சவால் விட்டார். அந்த வார்டில் அதுவரை அத்தனை பேர் சேர்ந்து ஒரு நோயாளியின் வீம்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டர் மறுபடியும் வந்தாள். வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். மூணு போடலாம் என்றார் ராஜாராம். எப்போதிலிருந்து மூன்று என்று கேட்டாள்.

“நேத்து காத்தாலேர்ந்தே அவ்ளோதாம்மா.”

“அப்புறம் எதுக்கு மாத்திரை போட்டீங்க?”

“குடுத்தாங்க, முழுங்கினேன். ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு எலும்புக்குன்னு நெனச்சுக்கினேன்.” அவர் மனைவியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில்தான் சொன்னார். “வலிக்குதான்னு ரெண்டு பேர்ல ஒருத்தரும் கேக்கவே இல்லையே.”

வேண்டாவுக்கு டாக்டர் சொன்னதைவிட அது சுருக்கென்று தைத்தது. மூன்று நாளாக மணியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி வலி மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

ஐந்து நாள் என்பது ஐந்து நாளும் தின்றே தீர வேண்டும் என்ற கட்டளை இல்லை, அதற்கு மேல் கூடாது என்ற வரம்பு என்றாள் டாக்டர். வலி குறைந்தால் முதல் நாளே நிறுத்தலாம். இவருக்கு இனி இந்த மாத்திரையே வேண்டாம். மூன்று நாள்தான் என்பதால் சட்டென்று நிறுத்துவதில் கெடுதல் இல்லை. ரிப்போர்ட் சரியாக இருந்தால், வலித்தால் மட்டும் வெறும் பாராசிட்டமால், அதுவும் அவள் எழுதிக் கொடுக்கும் அளவில். மீதி ஒன்றை ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். யாருக்காவது இடுப்பு வலி, முட்டி வலி என்று தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. முட்டி என்று சொன்னபோது ஹரிஹரன் ஏனோ அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். வேண்டா அதைக் கவனிக்கவில்லை.

வெளிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது என்று ராஜாராம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுவும் இந்த மாத்திரையின் வேலைதான், தண்ணீர் நிறையக் குடியுங்கள், சரியாகிவிடும் என்றாள் டாக்டர். மூன்று நாளாக முகத்தில் இருந்த ஏதோ ஒரு கவலை அவரை விட்டுப் போயிற்று.

மூன்றரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் நன்றாக இருந்தது. எல்லாம் நார்மல், இன்றைக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும், நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம் என்றாள் ஹரிப்ரியா. வேண்டா அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கல்பாக்கம் பக்கம் வந்தால் கட்டாயம் பொங்கல் சாப்பிட வர வேண்டும் என்றாள்.

* * *

வராந்தாவில் ஹரிஹரன் இரண்டு டீ வாங்கி வந்தான். பெஞ்சில் அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணி டீ தேவாமிர்தமாக இறங்கிற்று.

பாதி டீயில் வேண்டாவுக்கு மனசு பொறுக்கவில்லை. சொல்லாமலேயே விட்டுவிடலாம். அவனுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் சொல்லாமல் வைத்ததால் வந்த வினையைத்தான் உள்ளே படுக்கவைத்திருக்கிறார்கள்.

“காலைல டப்பாவப் பாத்ததும் உன்மேல சந்தேகப்பட்டேன்டா. நீ எடுத்துத் துன்றியோன்னு. உன் பையக்கூட நோண்டினேன்.”

ஹரிஹரன் கோப்பையைக் கீழே வைத்தான். கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் காதுதான் சிவந்தது.

“எனக்கு நேத்து ராத்திரியே தெரியும்மா, மாத்திர கம்மியா கீதுன்னு. மொபைல் லைட்டு அடிச்சுப் பாத்தேன். அப்பாவுக்கு ஒண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டுதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏண்டா கேக்கல?”

“நீ எடுத்துப் போட்டுக்கினன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா செவுத்தப் புடிச்சுகினுதானே எழுந்திருக்கிற. முட்டி வலின்னு ஒரு வார்த்த சொல்றியா? கேட்டா நீ அவமானப்படுவன்னு வுட்டுட்டேன்.”

வேண்டா அவனையே பார்த்தாள். ராத்திரியே ஒருவர் மற்றவரைக் கேட்டிருந்தால் ராத்திரியே தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவர் மானத்தை மற்றவர் காப்பாற்றிக்கொண்டு, நடுவில் கிடந்த மனுஷனுக்கு மாத்திரையை ஊட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான். வராந்தாவில் போன ஒரு கிழவர், இந்த இடத்தில் என்ன சிரிப்பு என்பதுபோல முறைத்துவிட்டுப் போனார்.

நாளையிலிருந்து கட்டில் தலைமாட்டில் ஒரு நோட்டுத் தொங்க வேண்டும் என்று முடிவாயிற்று. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது. அதற்கும் முதல் பத்தியில், வலி எத்தனை மார்க். மாத்திரை அட்டையை இனிமேல் கத்தரிக்கோல் தொடாது என்று வேண்டா தானாகவே சொன்னாள். முட்டியை ஒரு டாக்டரிடம் காட்டுவதற்கும் ஒப்புக்கொண்டாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

“இன்னொண்ணு கீதும்மா” என்றான் ஹரிஹரன். குரல் இறங்கியிருந்தது.

அக்கா பிரபாவிடம் நேற்று ராத்திரியே போனில் சொல்லிவிட்டானாம். அம்மா அப்பாவோட வலி மாத்திரையை எடுத்துத் தின்கிறாள், ஏழெட்டுக் காணோம், நீதான் பக்குவமாகக் கேட்க வேண்டும் என்று. காலையில் ஆம்புலன்ஸில் ஏறும்போது, மாத்திரை அதிகமாயிடுச்சு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வா என்று ஒரு வரி அனுப்பினான். யாருக்கு என்று எழுதவில்லை. அத்தோடு போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வேண்டாவின் போன் அவசரத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வேண்டா டீயைக் கீழே வைத்தாள். ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தன் மூத்த மகளின் பக்குவம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலிலேயே சமையல்காரரைக் கூப்பிட்டு ரசத்தில் புளி அதிகம் என்றவள். அவள் மாமியார் ஞானம்பாளோ, சம்பந்தி வீட்டில் ஒரு தும்மல் என்றாலும் நேரில் வந்து விசாரிக்காமல் இருக்க மாட்டார்.

ஆகாது, உடனே யார் போனாவது வாங்கி அவளைக் கூப்பிடு என்று வேண்டா எழுந்தாள். முட்டி பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, தடுமாறி நிமிர்ந்தாள். கண் இன்னும் அழுத சிவப்பில் இருந்தது. முகத்தில் சிரித்த களை மிச்சம்.

அந்தக் கோலத்தில்தான் வராந்தா கோடியிலிருந்து பிரபா அவளைப் பார்த்தாள். ரயில் நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பின்னால் ஆப்பிள் பையோடு ஞானம்பாள்.

“அம்மா” என்றாள் பிரபா, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில். “எத்தன மாத்திர முழுங்கின? உண்மையச் சொல்லு.”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஞானம்பாள் ஆப்பிள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சம்பந்தியம்மாளைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். சிவந்த கண்ணைப் பார்த்தார். சுவரைப் பிடித்த கையைப் பார்த்தார். ஹரிஹரன் மேல்கூரையில் எதையோ மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வேண்டா வாயைத் திறந்தாள். அதை நம்புவதற்கு அந்த வராந்தாவில் ஒரு முகமும் தயாராக இல்லை.